வேலை நின்ற பிறகும் நிற்காத முதுகு வலி: எது உழைப்பின் வலி, எது புற்றுநோயின் அறிகுறி?

விழுப்புரம் மாவட்டம், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் முதுகு வலி என்பது ஒரு செய்தியே இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே குனிந்து வலை இழுக்கிறார்கள், மீன் பெட்டி தூக்குகிறார்கள். கிழக்கு கடற்கரைச் சாலையை ஒட்டி விரிந்திருக்கும் மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள், பாத்தியில் இறங்கி உப்பை வாரி, கூடையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். "இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்று ஒருவர் சொன்னால், "வேலைக்குப் போனா வலிக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்துவிடும்.

அந்தப் பதில் பெரும்பாலும் சரிதான். ஆனால் எப்போதாவது தப்பாகிவிடுகிறது. உடலின் வேறு இடத்தில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவும்போது, அது முதலில் காட்டும் அடையாளம் பல நேரங்களில் முதுகு வலிதான். எல்லோருக்கும் முதுகு வலிக்கும் ஊரில், அந்த ஒரு வலி கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்கிறது. அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

புற்றுநோயால் வரும் முதுகு வலி எவ்வளவு அரிது?

முதலில் பயத்தைத் தள்ளி வைக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடி பேருக்கு இடுப்பு, கீழ் முதுகு வலி இருந்தது. 2050-ல் இது 84.3 கோடியாக உயரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு, எலும்பிலோ நரம்பிலோ 'இதுதான் நோய்' என்று சுட்டிக்காட்டும்படி எதுவும் இருக்காது. தசை, தசைநார், மூட்டு ஆகியவற்றின் அலுப்பும் பிடிப்பும்தான் காரணம்.

புற்றுநோயின் பங்கு மிகச் சிறியது. 1988-ல் அமெரிக்காவில் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வில், முதுகு வலியோடு வந்த 1,975 பேர் கவனிக்கப்பட்டார்கள். அவர்களில் 13 பேருக்கே வலிக்குப் புற்றுநோய் காரணம் என்று தெரியவந்தது. அதாவது, 100 பேரில் ஒருவருக்கும் குறைவு.

எனவே முதுகு வலி வந்த உடனே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒருவரை விட்டுவிடவும் கூடாது. ஏனென்றால் அவருக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

உழைப்பால் வரும் வலி எப்படி இருக்கும்?

உழைப்பால் வரும் வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குனிந்தால், தூக்கினால், திரும்பினால் அதிகமாகும். படுத்தால், உடலைத் தளர்த்தினால் குறையும். எந்த நாளில், எந்த வேலையின்போது பிடித்தது என்று பெரும்பாலும் சொல்ல முடியும். ஒரு நாள் அதிகமாக இருக்கும், மறுநாள் பரவாயில்லை என்று இருக்கும். பொதுவாக 2 முதல் 6 வாரங்களில் தணியத் தொடங்கிவிடும். மறுபடி வந்தாலும், மறுபடி போகும்.

முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி பின்புறத் தொடை வழியாகக் காலுக்கு இறங்கும். இருமினால் 'சுரீர்' என்று இழுக்கும். இதுவும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில வாரங்களில் குறைந்துவிடும்.

புற்றுநோய் வலி ஏன் வேறு மாதிரி?

முள்ளெலும்பின் உட்பகுதியில் ரத்த ஓட்டம் மிகுந்த எலும்பு மஜ்ஜை இருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் புற்றுநோய் செல்கள் அங்கே தங்கிப் பெருகுகின்றன. அவை எலும்பை அரிக்கின்றன, எலும்பின் மேலுள்ள சவ்வை விரிக்கின்றன, அந்த இடத்தில் அழற்சியை உண்டாக்குகின்றன. இந்த வலிக்குக் காரணம் வெளியிலிருந்து வரும் பாரம் அல்ல. எலும்புக்குள்ளேயே நடக்கும் வேலை அது. அதனால்தான் பாரத்தை இறக்கி வைத்துப் படுத்தாலும் வலி இறங்குவதில்லை.

இப்படிப்பட்ட வலி நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் மெதுவாகக் கூடும். ஒரே இடத்தில் ஆழமாக, குடைவதுபோல் இருக்கும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் தோதாக இருக்காது. சிலர் உட்கார்ந்தே தூங்கத் தொடங்குவார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எலும்பு ஓரளவு அரிக்கப்பட்ட பிறகு, அது பலவீனமாகி அசைவிலும் வலிக்கும். ஆகவே "அசைஞ்சாதான் வலிக்குது, அப்ப இது சாதாரண வலிதான்" என்று முடிவு கட்ட முடியாது. அசையாமல் இருக்கும்போது வலி போகிறதா என்பதுதான் சரியான கேள்வி.

வேலை நிற்கும் மாதங்கள் என்ன சொல்கின்றன?

இந்தக் கடற்கரையில் இரண்டு தொழிலுக்குமே ஆண்டுதோறும் ஓர் ஓய்வு உண்டு. கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி, உற்பத்தி நின்றுவிடுகிறது.

தொழில் ஓய்ந்திருக்கும் இந்த நாட்கள், தங்கள் வலியைப் புரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு. கூடை சுமப்பதால் வந்த வலி, கூடையை இறக்கி வைத்த சில வாரங்களில் குறைய வேண்டும். வேலை இல்லை, ஆனாலும் வலி அப்படியே இருக்கிறது, அல்லது கூடிக்கொண்டே போகிறது என்றால், அதை வேலையின் கணக்கில் எழுதக் கூடாது.

இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஓய்வுக் காலத்திலும் வலை பின்னுவது, படகைப் பழுது பார்ப்பது என்று மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வலி தொடர்வதில் வியப்பில்லை. இன்னொன்று, சோதித்துப் பார்ப்பதற்காக மழைக்காலம் வரை காத்திருக்கவே கூடாது. எந்த மாதமாக இருந்தாலும், வேலையைக் குறைத்தும் நான்கு வாரத்தில் வலி தணியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்தெந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

முதுகு வலியோடு கீழே உள்ளவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது:

• முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு சிகிச்சை பெற்றிருப்பது. 5 ஆண்டு, 10 ஆண்டு கடந்திருந்தாலும் இது பொருந்தும்
• 50 வயதுக்கு மேல் முதல் முறையாகத் தொடங்கும், இதுவரை பழகாத வலி
• படுத்தாலும் குறையாமல், இரவில் எழுப்பிவிடும் வலி
• முயற்சி எதுவும் இல்லாமல் உடல் எடை குறைவது. 6 மாதத்தில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ இருந்தவர் 3 கிலோ குறைந்தால் கவனிக்க வேண்டும்
• பசி இல்லாமை, காரணம் தெரியாத சோர்வு, ரத்தசோகை
• நடு முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே வரும் வலி. உழைப்பு வலி பெரும்பாலும் இடுப்பிலும் கழுத்திலும் வரும். முதுகெலும்புக்குப் பரவும் புற்றுநோயோ நடு முதுகையே அதிகம் தாக்குகிறது
• இருமல், தும்மல் போன்ற சின்ன அசைவில் திடீரென்று உடைந்தது போன்ற கடும் வலி

ஓர் அறிகுறி மட்டும் இருந்தால் புற்றுநோயா?

இல்லை. இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பலவீனமான சாட்சிதான். 50 வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்கு முதுகு வலிக்கிறது. இரவில் வலிக்கிறவர்களிலும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் கிடையாது. 40 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு இரவு வலியும், காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும் இருந்து, நடமாடினால் சரியாகிறது என்றால், அது முதுகெலும்பு வாத நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தனியாகவே கனம் உள்ள ஒரே குறிப்பு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது. மற்றவை ஒன்றோடொன்று சேரும்போதுதான் கனம் கூடுகிறது. உதாரணமாக, 58 வயது, இரண்டு மாதமாகக் கூடும் வலி, இடுப்பில் வேட்டி நழுவும் அளவுக்கு எடை குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் அது வேறு கதை.

உடல் உறுதியானவர்களும் ஏமாறுகிறார்கள் என்பதற்கு பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் ஓர் உதாரணம். ஒலிம்பிக்கில் 6 தங்கம் வென்றவர். 2023-ல் தோளில் வந்த வலியை, உடற்பயிற்சியில் ஏற்பட்ட பிடிப்பு என்றே நினைத்தார். ஸ்கேனில் தோளில் கட்டி தெரிந்தது. தொடர் பரிசோதனைகளில், அது புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கி எலும்புகளுக்குப் பரவிய புற்றுநோய் என்று உறுதியானது. அப்போது அவருக்கு வயது 47. தினமும் உடலை வருத்துகிறவர் வலியை உழைப்பின் மீதே போடுவது இயல்பு. உப்பளத்திலும் நடப்பது அதேதான்.

எந்தப் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவுகின்றன?

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் இயல்பு அதிகம் உள்ளவை. ஆகவே முதுகு வலியோடு மார்பில் கட்டி, விடாத இருமல், சளியில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், ஆண்களுக்குச் சிறுநீர் மெல்லிய தாரையாகப் போவது ஆகியவை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் மருத்துவருக்கு வழி கிடைக்காது.

எலும்பு மஜ்ஜையிலேயே தொடங்கும் 'மல்டிபிள் மைலோமா' என்ற ரத்தப் புற்றுநோயும் உண்டு. பெரும்பாலும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருகிறது. முதுகு வலி, ரத்தசோகை, சோர்வு, சிறுநீரகப் பாதிப்பு, அடிக்கடி வரும் தொற்று ஆகியவை இதன் அடையாளங்கள். சோர்வை வெயிலின் மீது போட்டுவிடும் ஊரில், இது கண்ணில் படாமல் போவது எளிது.

எலும்பைத் தொடாமலேயே முதுகில் வலியைக் காட்டும் புற்றுநோய்களும் இருக்கின்றன. கணையப் புற்றுநோயில் மேல் வயிற்று வலி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய் சிறுநீர்க் குழாயை அடைத்தால் விலாவிலும் இடுப்பிலும் வலி வரும்.

புற்றுநோய் இல்லை என்றால் வேறு என்ன?

எச்சரிக்கை அறிகுறிகள் இருந்து, புற்றுநோய் இல்லை என்றாலும், கவனிக்க வேண்டிய வேறு நோய்கள் உண்டு.

ஒன்று, முதுகெலும்புக் காசநோய். தொடர்ந்த முதுகு வலி, மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு என்று அப்படியே புற்றுநோய் போலவே தோன்றும். காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் இதை மறக்கவே கூடாது. முழுமையாகக் குணப்படுத்தக் கூடியது இது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இரண்டாவது, சிறுநீரகம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 350-க்கும் மேற்பட்டவர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அவர்களில் 10-ல் 9 பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப அளவைத் தாண்டிய சூழலில் உழைப்பதாகவும், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதாகவும் அது கூறியது. சிறுநீரகக் கல் வலி விலாவில் அலை அலையாக வந்து, அடிவயிற்றுக்கு இறங்கும். சிறுநீரில் எரிச்சல், ரத்தம், குளிர் காய்ச்சல் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மூன்றாவது, எலும்புத் தேய்மானத்தால் வரும் முறிவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரிய அடி எதுவும் படாமலே முள்ளெலும்பு நசுங்கக் கூடும்.

எப்போது ஒரு நாள்கூட காத்திருக்கக் கூடாது?

முதுகெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. கட்டியோ, நொறுங்கிய எலும்போ அதை அழுத்தினால், உடலின் கீழ்ப்பகுதி செயலிழக்கத் தொடங்கும். இது அவசர நிலை. முதுகு வலியோடு இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

• கால்களில் பலவீனம், தடுமாற்றம், செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் போவது
• கால்களிலோ, மார்புக்குக் கீழோ மரத்துப் போவது
• சிறுநீர் கழிக்க முடியாமல் தேங்குவது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் அடக்க முடியாமை
• தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைவது
• மார்பையோ வயிற்றையோ சுற்றிக் கயிறு கட்டியது போன்ற இறுக்க வலி

இங்கே ஏன் இவ்வளவு அவசரம்? சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிகிறவர்கள், அதற்குப் பிறகும் நடப்பதற்கான வாய்ப்பு அதிகம். கால் முழுவதும் விழுந்த பிறகு வருகிறவர்களில் மறுபடி எழுந்து நடக்கிறவர்கள் குறைவு. பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதலில், இப்படிச் சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லப்பட்டிருப்பது இதனால்தான். 108 ஆம்புலன்ஸை இதற்கு அழைக்கலாம்.

என்ன பரிசோதனை? எக்ஸ்ரே போதுமா?

முதலில் மருத்துவர் கேள்வி கேட்பார், முதுகெலும்பைத் தட்டிப் பார்ப்பார், கால்களின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிப்பார். தேவைப்பட்டால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும். மைலோமா சந்தேகம் இருந்தால் ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள் சோதிக்கப்படும்.

பலர் ஏமாறும் இடம் எக்ஸ்ரே. ஓர் எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் அந்தச் சேதம் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு வருடம் அதையே நம்பி இருப்பது ஆபத்து. அறிகுறிகள் தொடர்ந்தால் மறுபடி போய்க் கேட்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் இதில் நம்பகமானது. புற்றுநோய் என்று உறுதிசெய்ய, பெரும்பாலும் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிப்பார்கள்.

"ஊசி போட்டா சரியாயிடும்" என்பதில் என்ன சிக்கல்?

வலி நிவாரண ஊசியும் மாத்திரையும் உழைப்பு வலியையும் அடக்கும், புற்றுநோய் வலியையும் ஆரம்பத்தில் ஓரளவு அடக்கும். அதனால் 'மருந்துக்குக் கேட்டது, அப்ப சாதாரண வலிதான்' என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரை நின்றதும் வலி திரும்புகிறதா, முன்பு ஒன்று போதுமாக இருந்தது இப்போது இரண்டு, மூன்று தேவைப்படுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நாள் கணக்கில் விழுங்குவது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும். தண்ணீர் வற்ற வற்ற வெயிலில் உழைக்கிற உடலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சுளுக்கு எடுப்பது, முதுகை மிதித்து நீவுவது ஆகியவையும் எலும்பு அரித்திருந்தால் முறிவில் முடியலாம். மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறிகள் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

எங்கே போவது? செலவு என்ன?

முதல் படி, பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையும், சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன.

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். புற்றுநோய் சிகிச்சையும் இதில் அடங்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் கிடைக்கின்றன.

"பரவிடுச்சுன்னா போச்சு" என்பதும் முழு உண்மை இல்லை. எலும்புக்குப் பரவிய பிறகும் மார்பகம், புராஸ்டேட், தைராய்டு புற்றுநோய்கள் பலருக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை தரும் கதிர்வீச்சே பலருக்கு நல்ல நிவாரணம் தருகிறது. நேரத்தோடு வந்தால், நடையைக் காப்பாற்ற முடியும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கூட்டம் நிறைந்த வெளிநோயாளிகள் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில் "முதுகு வலிக்குது" என்று மட்டும் சொன்னால், மாத்திரை மட்டும்தான் கிடைக்கும். இந்த ஐந்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது: வலி எத்தனை வாரமாக இருக்கிறது, படுத்தால் குறைகிறதா, இரவில் எழுப்புகிறதா, எடை குறைந்திருக்கிறதா, முன்பு ஏதாவது கட்டிக்கோ புற்றுநோய்க்கோ சிகிச்சை எடுத்ததுண்டா. பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சாதாரணப் பிடிப்பே ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். புற்றுநோய் வலி லேசாகவே தொடங்கலாம். ஓய்வெடுத்தால் வலியும் ஓய்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடையை இறக்கி வைத்த பிறகும் இறங்காத வலி என்றால், அதற்கு வேலையைக் காரணம் சொல்லாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது. சிகிச்சை தொடர்பான முடிவுகளை மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.)